போட்டிக்குப் போகும் மாணவர்களும் வழிகாட்டியின் கையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொழில்நுட்ப நிறுவனங்கள் நடத்தும் போட்டிகளில் பொறியியல் மாணவர்கள் பரிசு பெறும் செய்திகளைத் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கங்களில் அடிக்கடி படிக்கிறேன். படத்தில் கல்லூரித் தாளாளர் நடுவில் நிற்பார், முதல்வர் அவர் பக்கத்தில் நிற்பார், பரிசு வாங்கிய பிள்ளைகள் இரண்டு ஓரங்களிலும் காசோலை அட்டையின் முனையைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். செய்தியின் கடைசி வரியில், வழிகாட்டியாக இருந்த பேராசிரியரையும் நிர்வாகத்தினர் பாராட்டினர் என்று இருக்கும். அந்தக் கடைசி வரியைச் சேர்ந்தவள் நான். திருவாரூர் மாவட்டத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் பதினாறு ஆண்டுகளாக மின்னணுவியல் கற்பிக்கிறேன். அந்த வழிகாட்டி என்ன செய்கிறார், எதைச் செய்யாமல் இருக்க வேண்டும் என்பது குறித்துச் சில செய்திகளைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

இத்தகைய போட்டிகள் புதியவை அல்ல. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2003-ல் இமாஜின் கோப்பையைத் தொடங்கியது. 2006-ல் அதன் இறுதிச் சுற்று இந்தியாவிலேயே நடந்தது. சாம்சங் 2010-ல் அமெரிக்காவில் தொடங்கிய 'சால்வ் ஃபார் டுமாரோ' 2022-ல் இங்கே வந்தது. ஐக்கிய நாடுகள் சபை 2015-ல் ஏற்றுக்கொண்ட 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளில் ஏதேனும் ஒன்றை எடுத்துக்கொண்டு, தன்னுடைய தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தித் தீர்வு காணும்படி கூகுள் தன் 'சொல்யூஷன் சேலஞ்ச்' போட்டியில் கேட்டது. தங்கள் கருவிகளில் மாணவர்களின் கை பழக வேண்டும் என்பது இந்நிறுவனங்களின் கணக்கு. அதை நான் குறை சொல்லவில்லை. நம் பிள்ளைகளுக்கும் அதில் ஆதாயம் உண்டு. ஆனால் போட்டி நிறுவனத்தின் சொத்து, வேண்டாம் என்று நினைத்த நாளில் அது நின்றுவிடும். இருபது ஆண்டுகள் நடந்த 'கோட் ஜாம்' என்ற நிரல் எழுதும் போட்டியைக் கூகுள் 2023-ல் முடித்துக்கொண்டது. கோப்பை நின்றுபோனாலும் மாணவரிடம் எது தங்கும் என்று பார்ப்பதுதான் வழிகாட்டியின் வேலை என்று நான் நினைக்கிறேன், அதை நான் தவறு செய்த பிறகே கற்றுக்கொண்டேன்.

அந்தத் தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐந்தாண்டுகளுக்கு முன் ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் போட்டிக்கு மூன்றாமாண்டு மாணவர் நால்வரைத் தயார் செய்தேன். தெருவிளக்குகளில் எது பழுது என்று ஊராட்சி அலுவலகத்துக்குத் தானாகத் தெரிவிக்கும் கருவி அது. கடைசித் தேதிக்கு நான்கு நாள் இருக்கும்போது அதை இயக்கும் கணினி நிரல் ஓடவில்லை. அந்த வாரம் பார்த்து இன்டர்னல் தேர்வுகள். எப்படியாவது முடித்து அனுப்பிவிடுங்கள் மேடம் என்று மேலிருந்து சொல் வந்தது. இரண்டு இரவு வீட்டில் உட்கார்ந்து நிரலில் முக்கால் பங்கை நானே எழுதினேன். முதல் சுற்றில் தேர்வானோம். இரண்டாம் சுற்று இணையவழி நேர்காணல். விளக்கு பழுது என்று முடிவு செய்ய இந்த மின்னோட்ட அளவை ஏன் எல்லையாக வைத்தீர்கள் என்று நடுவர் கேட்டார். கடினமான கேள்வி அல்ல. அணித்தலைவன் பதில் சொல்லாமல், மடிக்கணினிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தான். மற்ற மூவரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான்கு பேரின் கண்களும் ஒரே பக்கம் திரும்பியதை நடுவர் திரையில் பார்த்திருப்பார். அவர் எதுவும் கடிந்து சொல்லவில்லை, பரவாயில்லை என்று சொல்லி அடுத்த கேள்விக்குப் போனார். அன்று மாலை அந்தப் பிள்ளைகள் என்னிடம் வந்து மன்னிப்புக் கேட்டார்கள். கேட்டிருக்க வேண்டியவள் நான்.

இது என் கல்லூரியில் மட்டும் நடப்பதல்ல என்பதை என்னைப் போன்ற ஆசிரியர்கள் அறிவார்கள். பொறியியல் கல்லூரிகள் உள்ள எந்த ஊரிலும் 'ப்ராஜெக்ட் சென்டர்' என்ற பலகையைப் பார்க்கலாம். பணம் கொடுத்தால் கருவி, நிரல், அறிக்கை, விளக்கப்படம் எல்லாம் கட்டி வைத்துத் தருவார்கள். இப்போது அந்தக் கடைக்குக்கூடப் போக வேண்டியதில்லை, செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டால் நிரல் வந்துவிடுகிறது. கடையில் வாங்கினாலும், செயலியிடம் வாங்கினாலும், என்னைப் போல் மேடம் எழுதிக் கொடுத்தாலும் மாணவரின் நிலை ஒன்றுதான்: தன் பெயர் போட்ட வேலையில் ஒரு வரி ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்டால் அடுத்தவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

வழிகாட்டி கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு, அது நிரலுக்கும் முந்தியது. 2012-ல் சிட்னியில் நடந்த இமாஜின் கோப்பை இறுதிச் சுற்றில் உக்ரைன் மாணவர்கள், சைகை மொழியைப் பேச்சாக மாற்றும் கையுறை ஒன்றைச் செய்து வென்றார்கள். உலகம் முழுவதும் பாராட்டிய வேலை. நான்கு ஆண்டு கழித்து அமெரிக்காவில் வேறு இரு மாணவர்கள் இதே போன்ற கையுறைக்குப் பரிசு பெற்றபோது, காது கேளாதோரும் சைகை மொழி அறிஞர்களும் வெளிப்படையாகவே மறுப்புச் சொன்னார்கள். சைகை மொழி கையில் மட்டும் இல்லை. புருவம் உயர்வதும் முகம் மாறுவதும் உடல் திரும்புவதும் அதன் இலக்கணம். கையுறைக்கு அவை தெரியாது. தவிர, கையுறையை மாட்டிக்கொள்ளும் சுமை முழுவதும் கேளாதவர் தலையிலேயே விழுகிறது என்றும் சொன்னார்கள். அந்த மாணவர்களின் திறமையில் எனக்கு ஐயமில்லை. யாருக்காகச் செய்கிறோமோ அவர்கள் பக்கத்தில் முதல் நாளே போய் உட்காரும்படி செய்வது உடன் இருக்கும் பெரியவர்களின் பொறுப்பு என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

அடுத்த முறை நான் செய்ய முயன்றது அதைத்தான். இரண்டு மாணவிகள், இரண்டு மாணவர்கள். நெல்லின் ஈரப்பதத்தை அளக்கும் மலிவான கருவி என்ற யோசனையோடு வந்தார்கள். நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் ஈரப்பதம் நூற்றுக்கு 17 வரை இருக்கலாம் என்பது விதி. குறுவை அறுவடை வடகிழக்குப் பருவமழையின் வாசலில் வருவதால், விதியைத் தளர்த்தும்படி மாநில அரசு கேட்பதும், மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துப் போவதும் எங்கள் பகுதியில் பல ஆண்டுகள் கண்ட காட்சி. கடையில் விற்கும் ஈரப்பதமானிக்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகும். சில நூறு ரூபாய் விலையுள்ள ஈ.எஸ்.பி.32 என்ற சிறு கணினிப் பலகையை வைத்து நாங்கள் இரண்டாயிரத்துக்குள் செய்துவிடுவோம், அளவு கைப்பேசியில் தெரியும் என்றார்கள். செயலியின் திரையைக்கூட வரைந்து வைத்திருந்தார்கள். அதில் பன்னிரண்டு பொத்தான்கள் இருந்தன.

கருவியில் கை வைப்பதற்கு முன் ஒரு சனிக்கிழமை அவர்களைக் கொள்முதல் நிலையம் ஒன்றுக்கு அழைத்துப் போனேன். அக்டோபர் மாதம், வானம் மூடிக்கிடந்தது. நெல்லைக் குவித்துத் தார்ப்பாயால் மூடி, ஓரங்களில் செங்கல்லை அடுக்கி, பக்கத்தில் கயிற்றுக்கட்டில் போட்டு உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவரிடம், வரைந்து வைத்திருந்த செயலித் திரையைக் காட்டினார்கள். அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பொறுமையாகப் பார்த்துவிட்டு, "தம்பி, இங்க அவங்க மெஷினு சொல்றதுதான் கணக்கு. உங்க மெஷினு சொல்றத இங்க யாரு ஏத்துக்குவா? களத்துலேருந்து வண்டியில ஏத்துறதுக்கு முன்னாடி எனக்குச் சொல்லு. இன்னும் ஒரு வெயிலு காயணுமா, போதுமான்னு சொல்லு. ரொம்பக் காஞ்சாலும் எடை போயிடுதுல்ல" என்றார்.

திரும்பி வரும்போது பேருந்திலேயே ஒரு மாணவி கணக்குப் போட்டாள். நாற்பது கிலோ மூட்டையாக நூறு மூட்டை, 4,000 கிலோ நெல், ஈரப்பதம் சரியாக 17. அதையே பயந்துபோய் 14 வரை காய வைத்தால் எடை சுமார் 3,860 கிலோ ஆகிவிடும். விலை ஏறப்போவதில்லை, மூன்றரை மூட்டை வெயிலில் போய்விட்டது. அவர் ஒரே வாக்கியத்தில் சொன்னதற்கு இவ்வளவு பொருள் இருக்கிறது என்று கண்டபோது அவளுக்கு வந்த முகமலர்ச்சியை எந்த வகுப்பிலும் நான் பார்த்ததில்லை. பன்னிரண்டு பொத்தான்களில் பத்து அன்றைக்கே போயின. கருவி இருக்க வேண்டிய இடம் கொள்முதல் நிலையம் அல்ல, விவசாயியின் களம் என்று ஆயிற்று.

அதற்குப் பிறகுதான் எனக்குச் சோதனை. கருவியின் தத்துவம் எளிது: இரண்டு உலோகத் தகடுகளுக்கு இடையே நெல்லை நிரப்பி மின்தேக்குத்திறனை, அதாவது தகடுகள் எவ்வளவு மின்னூட்டத்தைத் தேக்கும் என்பதை, அளப்பது. இடையில் உள்ள பொருள் அந்தத் திறனை எத்தனை மடங்கு கூட்டும் என்று சொல்லும் மின்கடவாப் பொருள் மாறிலி தண்ணீருக்கு ஏறக்குறைய 80, காய்ந்த தானியத்துக்கு அது ஒற்றை இலக்கம். ஆகவே ஈரம் கொஞ்சம் கூடினாலும் அளவு ஏறும். சரிபார்க்க, நெல்லை அரைத்து உலர்கலனில் 130 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து எடைக் குறைவைக் கணக்கிட்டார்கள். ஆனால் ஒரே நெல்லுக்குக் கருவி ஒரு தடவை 15 என்றது, மறு தடவை 18 என்றது. கம்பிகளைச் சந்தேகப்பட்டார்கள்; எல்லாவற்றையும் மறுபடி பற்றவைத்தார்கள்; பலகையையே மாற்றினார்கள். காரணம் எனக்கு இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. வாயைத் திறந்திருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். ஒன்பது நாள் நான் வாயைத் திறக்கவில்லை. செய்ததெல்லாம், ஒரு நாற்பது பக்க நோட்டை வாங்கிக் கொடுத்து, ஒவ்வொரு அளவையும் எடுத்த நேரம், யார் நெல்லைக் கொட்டியது, எதனால் கொட்டியது என்பதையும் சேர்த்து எழுதச் சொன்னதுதான். பேசாமல் இருப்பது கற்பிப்பதைவிடக் கடினம் என்பதை அந்த ஒன்பது நாளில் அனுபவித்தேன். ஒருநாள் வேண்டுமென்றே ஆய்வகத்துக்குப் போகாமல் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாம் நாள் நீடாமங்கலம் பக்கத்திலிருந்து வரும் மாணவி நோட்டோடு ஓடி வந்தாள். "மேடம், இவன் கொட்டுறப்பல்லாம் அளவு கூட வருது. இவன் டம்ளரை உசரத்துலேருந்து கொட்டுறான், கொட்டிட்டுக் குலுக்குறான். எங்க அப்பாயி மரக்கால்ல அளக்கறப்ப, குலுக்கி அளந்தா ஒரு அளவு, குலுக்காம அளந்தா ஒரு அளவுன்னு சண்டையே வரும்" என்றாள். நெல் இறுகி நிரம்பினால் தகடுகளுக்கு இடையே கூடுதல் நெல் இருக்கும், அளவும் ஏறும் என்பதை நான் கரும்பலகையில் சமன்பாடாக எழுதிப் புரியவைத்திருக்கலாம். அவளுக்கு அது மரக்காலிலேயே இருந்தது. அன்றே சமையல்கட்டுப் புனல் ஒன்றைத் தாங்கியில் கட்டி, எப்போதும் ஒரே உயரத்திலிருந்து நெல் விழும்படி செய்து, மரக்காலைத் தலைவழிப்பது போல அளவுகோலால் மேலே வழித்துவிட்டார்கள். அதன் பிறகு ஒரே நெல்லுக்கு ஒரு சதவீதத்துக்கு மேல் வேறுபாடு வரவில்லை. ஜனவரியில் சம்பா நெல் வந்தபோது மறுபடி சிக்கல். குறுவையில் ஏ.டி.டி.43 என்ற நெல் ரகத்துக்குச் சரியாகச் சொன்ன கருவி, குண்டு நெல்லான சி.ஆர்.1009 ரகத்துக்குத் தப்பாகச் சொன்னது. இந்த முறை அவர்கள் என்னிடம் வரவே இல்லை; அவர்களாகவே உலர்கலனைக் கேட்டு வாங்கி, நெல் ரகத்துக்கு ஒரு பொத்தானைச் சேர்த்து, எனக்குப் பிறகு சொன்னார்கள்.

வெளியில் தெரியாத வேலைகளும் வழிகாட்டிக்கு நிறைய உண்டு. ஐந்து மணிக்குப் பூட்டும் ஆய்வகத்தின் சாவிக்குக் கடிதம் எழுதுவது, நால்வருக்கும் ஓ.டி. (வகுப்புக்கு வராவிட்டாலும் வந்ததாகக் கணக்கிடும் அனுமதி) வாங்குவது, கடைசி டவுன் பஸ்ஸைத் தவறவிட்ட மாணவியின் அப்பாவிடம் தொலைபேசியில் பேசுவது, உலர்கலனைத் தர யோசிக்கும் வேறு துறையிடம் நயமாகக் கேட்பது. நிரல் எழுதுவதைவிட இவற்றில்தான் என் நேரம் போயிற்று, போகவும் வேண்டும். வெள்ளிக்கிழமை தோறும் நால்வரையும் உட்காரவைத்து, ஒருவர் செய்த பகுதியை இன்னொருவர் விளக்க வேண்டும் என்று கேட்பேன். செயலியிடம் வாங்கிய நிரலானாலும் சரி, வரிக்கு வரி காரணம் சொல்ல முடிந்தால் வைத்துக்கொள்ளலாம். என் கையில் பேனா இருக்கும், விசைப்பலகையைத் தொடமாட்டேன்.

இரண்டு நிமிடக் காணொளிதான் கடைசிச் சிக்கல். அணியில் ஆங்கிலம் சரளமாகப் பேசும் மாணவனே முழுவதும் பேசட்டும் என்று எல்லோரும் சொன்னார்கள், நீடாமங்கலத்து மாணவி உட்பட. காணொளி ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், அல்லது ஆங்கிலத் துணைத்தலைப்பு இருக்க வேண்டும் என்பது விதி. அந்த 'அல்லது' என்ற சொல்லை நான் பிடித்துக்கொண்டேன். மரக்கால் பகுதியை அவள் களத்தில் நின்று தமிழில் பேசினாள், கீழே ஆங்கிலம் ஓடியது. இதில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அணியின் முடிவுகளில் வழிகாட்டி தலையிடக்கூடாது என்று இவ்வளவு நேரம் சொன்னவள் தலையிட்ட ஒரே இடம் அதுதான். இன்னொரு தடவை வந்தாலும் அப்படித்தான் செய்வேன்.

அணி அடுத்த சுற்றுக்குத் தேர்வாகவில்லை. ஏன் என்று நிறுவனம் சொல்லவில்லை, சொல்லும் கடமையும் அதற்கில்லை. பங்கேற்புச் சான்றிதழ் வந்ததா என்று அலுவலகத்தில் கேட்டு, அதன் நகலை அங்கீகாரக் கோப்பில் சேர்த்துக்கொண்டார்கள். கருவி ஒன்று பெரியவரின் வீட்டில் இருக்கிறது. சம்பா அறுவடையில் அதைப் பார்த்துத்தான் வண்டி ஏற்றினேன் என்றார். இரண்டு நாள் மின்கலம் தீர்ந்து சும்மா கிடந்ததையும் மறைக்காமல் சொன்னார்.

இதையெல்லாம் சொன்னது சில வேண்டுகோள்களுக்காக. போட்டி நடத்துவோர், நிறுவனமானாலும் ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான், நிரல் திருவிழா போன்று அரசு நடத்துவதானாலும், நேர்காணலில் வழிகாட்டியை அறைக்கு வெளியே அனுப்பிவிட்டு மாணவர்களோடு மட்டும் பேச வேண்டும். விளக்கப்படத்தோடு, நாளும் தேதியுமாகத் தோல்விகளை எழுதிய வேலைக் குறிப்பையும் கேட்டு வாங்க வேண்டும். கடையில் வாங்கிய கருவிக்கு அப்படி ஒரு நோட்டு இருக்காது, அவசரமாக எழுதினாலும் கண்டுபிடித்துவிடலாம். கல்லூரிகள், வழிகாட்டும் நேரத்தை ஆசிரியரின் வாரப் பாடவேளைக் கணக்கில் சேர்க்க வேண்டும். அதை ஞாயிற்றுக்கிழமையில் செய்யச் சொல்லிவிட்டுக் கடைசி வாரத்தில் முடித்துக் கொடு என்று கேட்டால், ஆசிரியர் விசைப்பலகையில் கை வைக்கத்தான் செய்வார். நான் வைத்ததும் அப்படித்தான்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். வெற்றிச் செய்தியோடு வரும் கல்லூரிகளிடம் தங்கள் செய்தியாளர்கள் இரண்டு கேள்வி கேட்கட்டும்: இது யாருடைய சிக்கல், அவர் இப்போது இதைப் பயன்படுத்துகிறாரா? பதிலையும் படத்துக்குக் கீழே போடுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி ஒருமுறை கேட்டு, அதையும் போட்டால் இன்னும் நல்லது. தாளாளரின் படம் சற்றுச் சிறிதானாலும் வாசகர்கள் வருத்தப்படமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

அந்த நால்வரும் இந்த ஆண்டு படிப்பை முடித்துப் போகிறார்கள். இரண்டாமாண்டு மாணவர் மூவர் கருவியைத் தொடர்ந்து செய்ய விரும்பி, நிரலை மின்னஞ்சலில் அனுப்பும்படி கேட்டார்கள். நிரலை இன்னும் அனுப்பவில்லை. நோட்டைக் கொடுத்து, குறுவை நெல் களத்துக்கு வருவதற்குள் அந்தப் பெரியவரைப் பார்த்து வரச் சொல்லியிருக்கிறேன். மின்கலம் ஏன் தீர்ந்தது என்பதிலிருந்து தொடங்குவதாகச் சொல்லி, வரும் ஞாயிற்றுக்கிழமை போகிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகி,
மின்னணுவியல் துறை ஆசிரியை,
திருவாரூர் மாவட்டம்.